மாடி அண்ணன்களும் கொய்யா இலையும்

மந்தைவெளியில் நாம் இருந்தோமே, அந்த வீட்டு வாசல் கொய்யா மரம் ஞாபகம் இருக்கிறதா? மேலே பச்சைப்பசேல் என்று குடை விரித்திருக்கும். கீழே, ஆள் கை எட்டுகிற உயரம் வரைக்கும், வெறும் குச்சி. "ஆடு மேஞ்சிடுச்சாப்பா?" என்று தம்பி கேட்டான். அப்போது அவன் சின்னப் பையன். மந்தைவெளியில் ஆட்டுக்கு எங்கே போவது? நான் பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் கரைத்துத் தெளித்தேன்.

போன வாரம் சாப்பிடும்போது பெரியவள் திடீரென்று கேட்டாள். "காலேஜ்ல எல்லாரும் குடிப்பாங்களாமே, நெசமாப்பா?" அடுத்த மாசம் அவள் காலேஜ் சேரப் போகிறாள். என் வாயில் சோறு இருந்தது. "ரசம் ஊத்திக்கோ" என்று மட்டும் சொன்னேன். எனக்கென்ன தெரியும்? பத்தாவது முடித்ததும் தி.நகர் பாத்திரக் கடையில் நின்றவன், இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறேன். எல்லாரும் குடிப்பார்களா, பாதிப் பேரா, யாரைக் கேட்பது? ஆனால் நம் தலைக்கு மேலேயே இரண்டு பேர் குடியிருந்தார்கள். அவர்களைத் தெரியும். வாயால் சொன்னால் எனக்குக் கோர்வையாக வராது, அதனால் பிள்ளைகளே, உங்களுக்கு எழுதுகிறேன்.

மாடி அண்ணன்கள் என்று நீங்கள் கூப்பிடுவீர்களே, அவர்கள்தான். ஒருவன் மதுரைப் பக்கம், தாடி. இன்னொருவன் திண்டிவனம் பக்கம், கண்ணாடி. இரண்டு பேரும் அடையாறு பக்கம் ஒரு காலேஜில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தார்கள். உங்களுக்குக் கேரம்போர்டு சொல்லிக் கொடுத்தவன் கண்ணாடி. தம்பியிடம் தோற்றுக்கொண்டே இருந்தவன் தாடி.

எனக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. அந்தச் செவ்வாய் மத்தியானங்கள் இப்போது நினைத்தாலும் தூக்கத்தில் பார்த்தது மாதிரிதான் இருக்கின்றன. நீங்கள் பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள். மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் கண்ணை மூடினால், இமைக்குள்ளே பச்சையும் மஞ்சளுமாக வெளிச்சம் ஆடும். தெருக்கோடியில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போவார்கள். அந்தக் குரல் தேய்ந்து தேய்ந்து, தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போல ஆகிவிடும். பறக்கும் ரயில் தூரத்தில் தடதடவென்று போகும். அப்போது தலைக்கு மேலே 'பட்' என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் தாடி நிற்பான், கையில் இரண்டு மூன்று கொழுந்து இலை. வாயில் ஏற்கெனவே ஒன்று.

"வயிறு சரியில்லையாப்பா?" என்று முதல் தடவை கேட்டேன். கொய்யா இலையை எங்கள் வீட்டில் அதற்குத்தான் மெல்லுவோம்.

"ஆமா அங்கிள். ஒரே கடமுடாங்குது."

பாவமாக இருந்தது. ஹோட்டல் சாப்பாடு, வேறென்ன ஆகும்? உங்கள் அம்மாவிடம் சொல்லி மோர் கரைத்து மேலே அனுப்பினேன். அடுத்த வாரமும் இலை பறித்தார்கள். மாதுளந்தோல் கஷாயம் அனுப்பினேன். அதற்கு அடுத்த வாரமும் பறித்தார்கள். இந்த வயசில் இப்படி ஒரு வயிறா, பெரிய ஆஸ்பத்திரியிலேயே காட்டிவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, உங்கள் அம்மா மொட்டை மாடியில் வடாம் காயவைத்துவிட்டு இறங்கி வந்தாள். முகத்தில் சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை.

"இன்னா மனுஷன் நீ? அவனுங்களுக்கு வயிறுலாம் கல்லு மாதிரி கீது. தண்ணி டேங்க்கு பின்னால போய்ப் பாரு, பாட்டிலு நிக்குது வரிசையா. வாய் நாத்தத்துக்கு எலைய மெல்றானுங்க. நீ மோர் அனுப்பிக்கினு கீற, மோரு!"

நான் போய்ப் பார்க்கவில்லை. மரத்தைத்தான் பார்த்தேன். வேப்பெண்ணெய் தெளித்ததை நினைத்து, அந்தப் பையன்கள் அதையும் சேர்த்தா மென்றார்கள் என்று கவலையாகிவிட்டது.

ஒரு சாயங்காலம் மாடிக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை. காய்ந்த துணி எடுக்க என்று போனேன், உட்கார்ந்துவிட்டேன். பட்டினப்பாக்கத்துப் பக்கமிருந்து கடற்காற்று வந்துகொண்டிருந்தது. கொடியில் உங்கள் யூனிஃபாரம் சட்டைகள் காற்றை நிரப்பிக்கொண்டு, கையும் தோளுமாக, உள்ளே யாரோ இருப்பது போல ஆடின. தூரத்தில் கோயில் கோபுரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது, அதுவும் பாதி கரைந்து. அவர்கள் இரண்டு பேரும் பாயில் சாய்ந்து கிடந்தார்கள். அன்றைக்குக் குடித்திருக்கவில்லை.

"மோர் நல்லாருந்துச்சாப்பா?" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கண்ணாடிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "சாரி அங்கிள். ஆண்ட்டி சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டா. மோர் வேஸ்ட்டுன்னு வேற சொன்னா."

"வேஸ்ட்டு இல்ல அங்கிள்" என்றான் தாடி, ரொம்ப மரியாதையாக. "அடிக்கிறதுக்கு முந்தி மோரு குடிச்சா நல்லதுதேன். தயிர்சாதம் இன்னும் நல்லது. உள்ளுக்க ஒரு கோட்டிங் மாதிரி ஒட்டிக்கிரும். அப்பறம் எவ்வளவு போனாலும் வழுக்கிக்கிட்டுப் போயிரும்."

"நான்ஸ்டிக் தவா மாதிரியா?"

"கரெக்ட் அங்கிள்! நீங்க பாத்திரக் கடைல்ல, டக்குனு புடிச்சுட்டீங்க."

நான்ஸ்டிக் தவாவைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அதைச் சொல்லவில்லை. அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பீர் என்பது சரக்கில் சேர்த்தியே கிடையாது, பார்லித் தண்ணி, உடம்புச் சூட்டுக்கு டாக்டரே சொல்கிறார் என்றான்.

"எந்த டாக்டர்?"

"எங்க கிளாஸ்மேட்டோட மாமா அங்கிள்."

"அவரு டாக்டரா?"

"கம்பவுண்டர். மாட்டாஸ்பத்திரில" என்று கண்ணாடி சொல்ல, தாடி அவன் முதுகில் ஒரு அடி வைத்தான். "ஒன்னிய யார்ரா கேட்டா?"

எலுமிச்சம்பழத்தைத் தலையில் தேய்த்தால் போதை இறங்கிவிடுமாம். பச்சைத் தண்ணீரில் குளித்தால் இறங்கிவிடுமாம். நெய் ஒரு ஸ்பூன் குடித்துவிட்டுப் போனால் ஏறவே ஏறாதாம். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் மாதிரி ஒருவர் விட்டதை ஒருவர் எடுத்துக் கொடுத்தார்கள். இவ்வளவு படித்த பிள்ளைகள், மிஷின் எல்லாம் பிரித்து மாட்டுவார்கள், இதை மட்டும் யார் சொன்னாலும் நம்புகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கேட்கக் கேட்க எனக்கே அது ஒரு கதை மாதிரி, இதமாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா.

"கிளாஸ்ல எல்லாரும் குடிப்பீங்களா?" என்று நானும் கேட்டேன்.

"சே, இல்ல அங்கிள். நெறய பேரு தொடவே மாட்டானுங்க" என்றான் கண்ணாடி. "ஆனா கூட வருவானுங்க. சைடிஷ் துன்றதுக்கு. காசு பிரிக்கிறப்ப மட்டும் நான் குடிக்கலியே மச்சிம்பானுங்க."

"பொண்ணுங்க?"

"ஒன்னு ரெண்டு பேரு. மத்தவங்க எங்களத் திட்டுவாங்க."

தாடி கீழே டீ வாங்கப் போனான். கண்ணாடி கொடியில் ஆடுகிற சட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கேட்காமலே பேச ஆரம்பித்தான்.

"மொத வருஷம் வேணாம்னுதான் சொன்னேன் அங்கிள். யாரும் கட்டாயப்படுத்தல. ஆனா எல்லாரும் சிரிப்பானுங்க. எதுக்குச் சிரிக்கிறானுங்கன்னு எனக்கு மட்டும் தெரியாது. ஒரு ரூமு நெறய சிரிப்பு, நான் மட்டும் வெளிய நிக்கிற மாதிரி இருக்கும். அதான்."

"வீட்ல தெரியுமா?"

"அப்பா இல்ல. நான் ரெண்டாங்கிளாஸ் படிக்கிறப்பவே போயிட்டாரு. அம்மாவுக்குத் தெரிஞ்சா..." என்று நிறுத்திவிட்டான். கோபுர உச்சியில் அப்போதுதான் விளக்குப் போட்டார்கள். டீ வந்துவிட்டது.

இப்போது நான் சொல்ல வந்த செவ்வாய்க்கிழமை. அவர்களுக்குப் பரீட்சை முடிந்த நாள். நல்ல வெயில். இலைகூட அசையாத மத்தியானம். நான் வழக்கம் போல நாற்காலியில் பாதி உறக்கத்தில் இருந்தேன். வண்டிகள் வந்து நின்றதும், பல கால்கள் மாடிப்படி ஏறியதும், மேலே சிரிப்பு வெடித்ததும் எனக்குக் கனவோடு கலந்துதான் கேட்டது. அந்தச் சிரிப்பு ஒரு மேகம் மாதிரி மாடி மேலே மிதந்துகொண்டே இருந்தது. பிறகு கால்கள் இறங்கின. வண்டிகள் போயின. அமைதி.

நான் எவ்வளவு நேரம் தூங்கினேனோ தெரியாது. 'பட்' என்று சத்தம் கேட்டுக் கண் திறந்தேன். கண்ணாடி எம்பி எம்பி மேல் கிளையைப் பிடித்துக்கொண்டிருந்தான். குளித்துத் தலை வாரி, தேய்த்த சட்டை போட்டிருந்தான். இஸ்திரி மடிப்பு விறைப்பாக நின்றது. இலையை வாயில் போட்டு நன்றாக, நிதானமாக மென்றான். துப்பினான். இன்னொன்று மென்றான். என்னிடம் வந்து குனிந்தான்.

"அங்கிள், கொஞ்சம் பாருங்களேன். வாசன வருதா?" 'ஹா' என்று ஊதினான்.

"கொய்யா எலதாம்பா வருது."

"சரக்கு?"

"வரல."

அவன் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "அப்ப போயிடுச்சு" என்றான். "தயிர்சாதம் வேற சாப்ட்டேன். வெறும் பீருதான்." சட்டைப் பையிலிருந்து பைக் சாவியை எடுத்தான்.

"எங்கப்பா போற?"

"அம்மா வராங்க அங்கிள். அக்காவுக்குக் கல்யாணப் பொடவ எடுக்கணும். தாம்பரத்துல எறங்கி டிரெயின் புடிச்சி மாம்பலம் வந்துடுவாங்க. பின்னால ஒக்கார வச்சி அப்டியே கடக்கடயா கூட்டிக்கினு போவணும்."

அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் துவாரத்தில் வைத்தான். அது பக்கத்தில் போய் இடித்தது. மறுபடி வைத்தான். மறுபடியும் பக்கத்தில். அவன் அதைப் பார்த்து மெல்லச் சிரித்தான், சாவிதான் குடித்திருக்கிறது என்பது போல. அப்போதுதான் எனக்கு முழுசாக விழிப்பு வந்தது. ஆழத்திலிருந்து தண்ணீருக்கு மேலே வருகிற மாதிரி, காது அடைத்துத் திறந்தது. இந்தப் பிள்ளை வாசனை போனதும் எல்லாமே போய்விட்டது என்று நம்புகிறான். பொய்யாக நடிக்கவில்லை. நிஜமாகவே நம்புகிறான். நான்தான் அதற்கு 'வரல' என்று சாட்சி சொல்லியிருக்கிறேன்.

என் கண்ணுக்கு முன்னால் நான் தினமும் போய் வருகிற உஸ்மான் ரோடு வந்தது. பஸ்கள், ஆட்டோக்கள், குறுக்கே ஓடுகிற ஜனங்கள். நடுவே இந்த வண்டி. பின்னால் ஒரு அம்மா ஒரு பக்கமாக உட்கார்ந்து, மடியில் புடவைப் பைகளை அணைத்துக்கொண்டு.

"தம்பி, வண்டி வேணாம்பா. பஸ்ல போ."

"பஸ்ஸுக்கு எங்க அங்கிள் டைமு? நான் ஸ்டெடி. வேணும்னா நீங்களும் ஏறுங்க, தெருமுன வரைக்கும் ஓட்டிக் காட்றேன்."

"உன் பின்னால ஒக்கார எனக்கு பயமா கீதுப்பா."

அவனுக்கு முகம் வாடிவிட்டது. "வாசனையே வரலன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அதற்கு ஜன்னலிலிருந்து உங்கள் அம்மாதான் பதில் சொன்னாள். "தோ பாரு தம்பி, எலைய மென்னா வாய்தான் மணக்கும். வண்டியுமா எல மென்னுது?"

இந்தச் சத்தத்தில் மாடியிலிருந்து தாடி தலையை நீட்டினான். "மாப்ள, நீ எறங்குடா. நா ஓட்டுறேன்." சொல்லிக்கொண்டே இறங்கினான். பாதியில் ஒரு படியைக் காணாமல், அப்படியே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தது அவனுக்கே பிடித்துப்போய், அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டான்.

"வந்துட்டாரு பாரு பைலட்டு" என்றாள் உங்கள் அம்மா.

அப்போது கண்ணாடியின் செல் அடித்தது. அவன் ஹெல்மெட்டை மாட்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். ரயில் இரைச்சலுக்கு மேலே அந்தம்மா கத்திப் பேசினார்கள்.

"டேய் கண்ணு, தாம்பரத்துல ஏறிட்டேன்டா. ஒக்கார எடம் கெடச்சிடுச்சி. நீ அவசரப்படாத. நான் படிக்கட்டுகிட்டயே நிக்கிறேன். எனக்கும் ஒரு ஹெல்மெட் எடுத்தாடா, பின்னால ஒக்கார்றவங்களயும் போலீஸ் புடிக்குதாமே. கேக்குதா? ரெண்டு ஹெல்மெட்டு!"

"கேக்குதும்மா."

வைத்துவிட்டான். மரத்தில் ஒரு அணில் கத்திக்கொண்டிருந்தது. மனசில் இருந்ததைச் சொன்னேன்.

"எனக்குப் பயம்னு நான் சொல்லிட்டேன்ப்பா. அவங்க சொல்ல மாட்டாங்க. அவங்களுக்குத் தெரியாதே."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அதற்குள்ளே எதையோ தேடுவது மாதிரி ரொம்ப நேரம் பார்த்தான். எத்தனை நேரமோ, எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போன மாதிரி இருந்தது. பிறகு அவனாகவே இறங்கினான். சாவியை ஜன்னல் கம்பிக்குள்ளே வைத்தான். "ஆண்ட்டி, நீங்களே வச்சிக்கோங்க. கேட்டாலும் தராதீங்க" என்றான். என்னைப் பார்த்து, "கூட வரீங்களா அங்கிள்?" என்றான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். மெட்ரோ வேலைக்காக வைத்த தகரத் தடுப்புகள் லஸ் வரைக்கும் கூடவே வந்தன, முடிவே இல்லாத ஒரு சுவர் மாதிரி. அதற்குப் பின்னால் மிஷின்கள் பூமிக்குள் முனகின. சாயங்கால வெயில் அவன் கண்ணாடியில் பட்டுப் பட்டு மறைந்தது. ஆழ்வார்ப்பேட்டை தாண்டுவதற்குள் அவன் தலை என் தோளில் விழுந்தது. தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் நின்றபோது கண்ணைத் திறக்காமலே கேட்டான், "அங்கிள், நான் ஓட்டியிருந்தா இந்நேரம் எங்க இருப்பேன்?"

"தெரியலப்பா" என்றேன்.

"எனக்கும் தெரியல" என்று திரும்பத் தூங்கிவிட்டான்.

தி.நகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மாம்பலம் ஸ்டேஷனுக்கு மேலேயே ஒரு நடைபாலம் போட்டிருக்கிறார்களே, அதில் நடந்தோம். கீழே கூட்டம் வண்ண வண்ணமாக ஓடிக்கொண்டிருந்தது. மேலே அந்த இரைச்சல் எட்டாமல், நாங்கள் இரண்டு பேரும் மிதந்துபோகிற மாதிரி இருந்தது. அவன் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டே நடந்தான். கால் நேராகத்தான் விழுந்தது, ஆனால் ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்தான்.

அந்தம்மா சொன்னபடி படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். குள்ளமான உருவம், ஒயர் கூடை, நெற்றியில் திருநீறு. இவனைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்தார்கள். பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. மூக்கு லேசாக விரிந்தது.

"கொய்யா எல" என்றார்கள்.

அந்தம்மா என்னைப் பார்த்தார்கள். நான் கீழ் வீட்டுக்காரன் என்று சொன்னேன்.

"உங்க வீட்டு மரமா?"

"ஆமாம்மா."

"எங்க வீட்லயும் ஒன்னு இருந்துச்சிங்க. இவுங்க அப்பா இருந்த வரைக்கும் கீழ எலயே தங்காது. அவரு வண்டியோட போன மறுநாளே ஆள உட்டு வெட்டிட்டேன்."

சத்தம் போடவில்லை. விலை சொல்வது மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார்கள். அவன் அப்பா எப்படிப் போனார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவனுக்கும் அந்த மரம் எதற்கு வெட்டப்பட்டது என்று அப்போதுதான் விளங்கியதோ என்னவோ, கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"வண்டியிலயா வந்த?" என்று அந்தம்மா கேட்டார்கள். கை இன்னும் அவன் கன்னத்தில்தான் இருந்தது.

"இல்லம்மா. பஸ்ல."

"நெசமா?"

"நெசமாம்மா. சாவிய அங்கிள் வீட்ல குடுத்துட்டேன்."

அந்தம்மா என்னைப் பார்க்க, நான் தலையாட்டினேன். பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார்கள். அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார்கள். "வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்" என்று கூடையை அவன் கையில் திணித்தார்கள்.

என்னையும் விடவில்லை. தெரிந்த கடையாகக் காட்டுங்கள் என்றார்கள். எங்கள் கடைக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு ஜவுளிக் கடையில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். வெள்ளை மெத்தை, ஏசி காற்று, மேலே மஞ்சள் விளக்கு. சேல்ஸ்மேன் புடவைகளை ஒவ்வொன்றாக உதறி விரித்தார். மயில் கழுத்து நிறம், அரக்கு, மாம்பழ மஞ்சள். அலை மேல் அலை வந்து மடிகிற மாதிரி அவை எங்கள் முன்னால் விழுந்துகொண்டே இருந்தன. எனக்கே கண் சொக்கியது. திரும்பினால், அவன் சுவரில் சாய்ந்து, கூடையைக் கட்டிப் பிடித்தபடி, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"பொண்ணு கலர் எப்படிம்மா?" என்று சேல்ஸ்மேன் கேட்டார்.

"இவன் நெறந்தான். அச்சு அசல் இவனேதான்." அந்தம்மா அந்த மாம்பழ மஞ்சள் புடவையை எடுத்து, தூங்குகிற பிள்ளையின் தோளில் போட்டார்கள். முகத்துப் பக்கமாக இழுத்துவிட்டு, பின்னால் சாய்ந்து பார்த்தார்கள். பக்கத்து மெத்தையில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜரிகை அவன் மூச்சுக்கு மேலேயும் கீழேயும் அசைந்தது. அந்தம்மா சிரிக்கவில்லை. நிறத்தைத்தான் பார்த்தார்களா, அந்த மூச்சைப் பார்த்தார்களா, எனக்குத் தெரியவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

சேல்ஸ்மேன் புடவையை எடுக்கக் கை நீட்டினார்.

"இருக்கட்டும்ங்க" என்றார்கள் அந்தம்மா. "இதுவேதான். அவன் எழுந்திரிச்சதும் மடிச்சிக் குடுங்க."